தோட்டத்துப் பழைய டிராக்டருக்குப் பாகமும் தகவலும் தேடும் முறை

உதிரிப்பாகக் கடையில் முதலாளி கேட்கும் முதற்கேள்வி "என்ன மொடல்?" என்பதாகும். மலையகத் தோட்டமொன்றில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் கொழுந்தும் உரமும் விறகும் இழுத்துவிட்டு, தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கும் டிராக்டரைப் பொறுத்தவரை, அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்வது கடினம். முன்மூடியில் மாசி பெர்குசன் 135 என்றிருக்கும். அதன் கீழே உள்ள எஞ்சின் அதே கம்பனியின் முந்தைய மொடலான 35 வண்டியொன்றிலிருந்து கழற்றப்பட்டதாக இருக்கும். பின் அச்சு பக்கத்துத் தோட்டத்து வண்டியினுடையதாக இருக்கும். கொழுந்தை எடைபார்த்த பிறகு அது உடனே ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும், வண்டி ஒரு நாளும் நிற்கக் கூடாது என்பதால், எந்தப் பாகம் கைக்குக் கிடைத்ததோ அதைப் பொருத்தி ஓட்டினார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த ஆண்டுகளில், இல்லாத பாகத்தைப் பட்டறையிலேயே கடைந்தும் ஒட்டியும் உண்டாக்கும் திறமை நம் பாஸ்மாரிடம், அதாவது பட்டறைக் கைவினைஞர்களிடம், நன்கு வளர்ந்தது. ஆகவே பாகம் தேடிப் புறப்படுவதற்கு முன், நம்மிடம் இருப்பது என்ன என்பதைப் பகுதி பகுதியாக அறிந்துகொள்ள வேண்டும். சீரமைப்பு வேலையில் வீணாகும் பணத்தின் பெரும்பகுதி, இந்த அறிதலை அவசரத்தில் தவிர்த்ததனால் வீணாகிறது என்பது நான் கண்ட உண்மை.

இரும்பில் எழுதியிருப்பதை வாசித்தல்

முதல் வாரத்தில் ஒரு திருகாணியையும் கழற்ற வேண்டாம். மண்ணெண்ணெய், மென்மையான பித்தளைத் தூரிகை, பழந்துணி, வெள்ளைச் சுண்ணக்கட்டி, ஒரு கைவிளக்கு, ஒரு கொப்பி ஆகியவை போதும். கிரைண்டரை அருகில் கொண்டுவரக் கூடாது. பல ஆண்டு ஒயிலும் மண்ணும் காப்பாற்றி வைத்திருக்கும் இலக்கங்களை அது ஒரு நிமிடத்தில் அழித்துவிடும். பெர்குசன், மாசி பெர்குசன் வண்டிகளில் செஸி (அடிச்சட்ட) இலக்கம் பொறித்த தகடு ஸ்டியரிங்கை ஒட்டிய கருவிப் பலகைப் பகுதியில் இருக்கும். போர்ட் கம்பனியின் போர்ட்சன் வண்டிகளில் தகட்டைத் தேடுவதைவிட, வார்ப்பிரும்பிலேயே நேராக அடிக்கப்பட்ட இலக்கத்தைத் தேடுவது நல்லது. பெர்கின்ஸ் எஞ்சினில் இலக்கம் பிளொக்கின் பக்கவாட்டில், டீசல் பம்ப்பை அண்டிய தட்டையான இடத்தில் அடிக்கப்பட்டிருக்கும். தெளிவாகத் தெரியாத இலக்கத்தின் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்துப் படமெடுத்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் படத்தில் தெரியும்.

எஞ்சினின் பெயரே பல செய்திகளைச் சொல்லும். பெர்கின்ஸ் 3.152 என்றால் மூன்று சிலிண்டர், 152 கன அங்குலக் கொள்ளளவு, அதாவது ஏறத்தாழ 2.5 லீற்றர்; 4.236 என்றால் நான்கு சிலிண்டர், 236 கன அங்குலம். தகடு தொலைந்துபோன 35 வண்டியொன்றின் முன் நிற்கிறீர்கள் என்றால், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நொசில்களுக்குப் போகும் குழாய்களை எண்ணிப் பாருங்கள். மூன்று இருந்தால் அது பெர்கின்ஸ். நான்கு இருந்து அது டீசல் எஞ்சினாகவும் இருந்தால், பெர்கின்ஸுக்கு முன் பொருத்தப்பட்ட ஸ்டாண்டர்ட் 23சி எஞ்சினாக இருக்கக்கூடும். குளிரில் இலகுவில் கிளம்பாது என்று பிறந்த நாட்டிலேயே பெயரெடுத்த எஞ்சின் அது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் மார்கழிக் காலையில் அதனோடு போராடிய சாரதிகளின் பொறுமையை நினைத்துப் பார்க்கலாம். அதற்குரிய பாகங்கள் 3.152 இன் பாகங்களைவிட அரிதானவை என்பதை, வண்டிக்கு விலை பேசும்போதே கணக்கில் எடுக்க வேண்டும்.

வார்ப்பிரும்புப் பாகங்களின் மேல் புடைத்து நிற்கும் இலக்கம் வார்ப்பு இலக்கமாகும். அது பாக இலக்கம் அன்று. இரண்டும் பல நேரங்களில் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் கடைக்காரரும் குழம்புவார், நாமும் குழம்புவோம். கொப்பியில் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். டைனமோ, ஸ்டார்டர் ஆகியவற்றின் உடலில் லூக்காஸ் நிறுவனம் மாதிரி இலக்கத்தையும் தயாரித்த காலத்தையும் அடித்திருக்கும். டீசல் பம்ப்பின் சிறு தகட்டில், அதைச் செய்த சி.ஏ.வி. நிறுவனத்தின் இலக்கம் இருக்கும். எஞ்சின், பம்ப், டைனமோ மூன்றின் ஆண்டுகளும் ஒன்றோடொன்று இணங்கினால், அந்த எஞ்சின் பெரும்பாலும் கலக்கப்படாமல் வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

நம் வண்டி வயல் வகையா, தொழில்துறை வகையா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் பாகப் பட்டியல்கள் வேறுபடும். தொழில்துறை வகை வீதியிலும் முற்றத்திலும் துறைமுகத்திலும் பாரம் இழுப்பதற்காக அமைக்கப்பட்டது: காலால் மிதிக்கும் எக்சலேட்டர், உறுதியான கை பிரேக், சில்லை முழுதாக மூடும் மட்காட், முன் பம்பர், ஹோர்ன், விளக்குகள் ஆகியவை அதன் அடையாளங்கள். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவன்ட்ரியில் 5 இலட்சத்திற்கும் மேல் உற்பத்தியான பெர்குசன் டி.இ. 20 இல் இந்த வேறுபாடு எழுத்திலேயே உள்ளது. செஸி இலக்கத்தின் முன்னால் டி.இ.பி. என்றிருந்தால் பெட்ரோல் தொழில்துறை வகை, டி.இ.ஆர். என்றால் டிராக்டர் எண்ணெய் எனப்பட்ட தனி எரிபொருளில் ஓடும் தொழில்துறை வகை, டி.இ.எஸ். என்றால் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயில் ஓடும் தொழில்துறை வகை, டி.இ.டி. (ஆங்கிலத்தில் TET) என்றால் டீசல் தொழில்துறை வகை. பிற்கால மாசி பெர்குசனில் எம்.எஃப். 20 என்பது 135 இன் தொழில்துறை உடன்பிறப்பு. 2135 என்பதும் 135 இன் தொழில்துறை வடிவமே. பூச்சும் சாட்சி சொல்லும். மாசி பெர்குசனின் தொழில்துறை வண்டிகள் மஞ்சளாக வந்தவை. பின்னர் யாரோ சிவப்புப் பூசியிருப்பார்கள். கருவிப் பலகையின் பின்புறத்தையோ மட்காட்டின் உட்புறத்தையோ நகத்தளவு சுரண்டிப் பார்த்து, சிவப்பின் அடியில் மஞ்சள் தெரிந்தால், உங்கள் தேடலின் திசையே மாறும்.

காகிதச் சாட்சிகளும் உண்டு. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் இருக்கும். புத்தகம் தொலைந்திருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிக்கலாம். பதிவான ஆண்டு வேறு, தயாரான ஆண்டு வேறு என்பதை மறக்கக் கூடாது. தோட்ட அலுவலகத்தின் பழைய பொருட்பதிவேடுகள் சில நேரம் இவற்றைவிட அதிகம் சொல்லும், ஆனால் அவற்றைத் தேடுவதற்குத் தோட்டத்தின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். ஸ்டேர்லிங் கம்பனிகளின், அதாவது பிரித்தானியாவில் பதிவான கம்பனிகளின், கையில் இருந்த தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாகி, பின்னர் ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் பிரிந்து, 1992 இல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்திற்குப் போயின. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் இயந்திரங்கள் எண்ணி எழுதப்பட்டன. அந்தப் பட்டியல் ஒன்று அலுமாரியில் எஞ்சியிருந்தால், வண்டி எப்போது வந்தது, எஞ்சின் எப்போது மாற்றப்பட்டது என்பது ஒரே பக்கத்தில் கிடைக்கும். அலுவலகத்து ஐயாவிடம் பணிவோடு கேளுங்கள். இரும்பு வியாபாரத்திற்காக அன்றி வண்டியைக் காப்பதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வம்சாவளியே பெரிய திறவுகோல்

பழைய டிராக்டரின் பெயரைத் தாங்கிய கம்பனி இன்று அந்தப் பெயரில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதன் வரைபடங்களையும் பாக இலக்கங்களையும் யாரோ ஒருவர் வைத்திருக்கிறார். மாசி பெர்குசன் 1994 இல் ஆக்கோ (AGCO) நிறுவனத்திடம் போனது. அந்நிறுவனத்தின் இணையப் பாகப் புத்தகத்தில் பழைய மொடல்களுக்கான படங்களைப் பார்க்கலாம். பெர்கின்ஸ் 1998 இல் கேட்டர்பில்லரின் கைக்குப் போனது. பெயர் அப்படியே இருக்கிறது, எஞ்சின் இலக்கத்தைக் கொண்டு பாகம் தேடும் வழியும் இருக்கிறது. போர்ட் டிராக்டர்கள் நியூ ஹொலண்ட் ஆயின. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் டேவிட் பிரவுணும் கேஸ் வழியாக அதே குழுமத்தில் சேர்ந்தன. சி.ஏ.வி. பம்ப்பின் பொறுப்பு லூக்காஸிடமிருந்து டெல்பியிடம் போனது. இந்த வம்சாவளியைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வைத்தால், கடையில் "அந்தக் கம்பனி மூடிவிட்டார்கள்" என்று சொல்லப்படும்போது மனம் தளராமல் அடுத்த பெயரைக் கேட்க முடியும்.

இதனினும் பயனுள்ளது உடன்பிறப்பு வண்டிகளைப் பற்றிய அறிவு. ஐரோப்பாவில் நிறுத்தப்பட்ட பல மொடல்கள் உரிமம் பெற்ற வேறு நாடுகளில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து உற்பத்தியாயின. சென்னையில் 1960 இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் 35 ஐ அடிப்படையாகக் கொண்டு 1035 ஐத் தயாரித்தது; அதே நகரில் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் உரிமத்தில் எஞ்சின்களைச் செய்தது. பாகிஸ்தானில் லாகூரின் மில்லத் நிறுவனம் தயாரித்த எம்.எஃப். 240 இலும் 3.152 வகை எஞ்சினே உள்ளது. யூகோஸ்லாவியாவின் ஐ.எம்.டி. 533 கூட 35 இன் வழிவந்ததுதான். இன்டர்நேஷனல் பி 275 ஐ மகிந்திரா 1960களில் இந்தியாவில் செய்யத் தொடங்கியது. போர்ட் 3000 ஐ எஸ்கோர்ட்ஸ் 1970களில் செய்தது. ஆகவே கொவன்ட்ரியில் பிறந்த நமது வண்டிக்கான லைனரும் ரிங்கும் வோட்டர் பம்ப்பும் பாக்குநீரிணைக்கு அப்பால் சில நூறு கிலோமீற்றர் தூரத்தில் கிடைக்கக்கூடும். இலங்கையில் மாசி பெர்குசன், டாஃபே வண்டிகளைக் கொண்டுவந்த பிரவுண்ஸ் நிறுவனத்தின் பாகப் பிரிவிலிருந்து தேடலைத் தொடங்குவது இயல்பான வழியாகும்.

உடன்பிறப்பு டிராக்டராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. டி.இ. 20 இன் ஸ்டாண்டர்ட் எஞ்சின், 1950களில் நம் வீதிகளில் ஓடிய ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காரின் எஞ்சினுக்கு மிக நெருங்கிய உறவு. அந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் தொடக்கத்தில் 80 மி.மீ., பின்னர் 85 மி.மீ. ஆனது, எனவே லைனர் வாங்குமுன் அளந்துகொள்ள வேண்டும். போர்ட்சன் டெக்ஸ்டாவின் மூன்று சிலிண்டர் எஞ்சினைச் செய்து கொடுத்ததே பெர்கின்ஸ் நிறுவனந்தான். போர்ட்சன் மேஜர் டீசல் எஞ்சினின் சொந்தங்களை தேம்ஸ் லொறிகளில் தேடலாம்.

ஆயினும் உறவு இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா. இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். 35 வண்டியில் இருக்கும் ஏ 3.152 எஞ்சினில் எரிபொருள் ஹெட்டில் உள்ள முன்னறைக்குள் பாயும். 135 இல் இருக்கும் ஏடி 3.152 இல் அது பிஸ்டனின் தலையில் குடைந்த கிண்ணத்திற்குள் நேராகப் பாயும். இரண்டின் விட்டமும் 3.6 அங்குலம், ஓட்டமும் 5 அங்குலம். பெட்டியில் "3.152" என்றிருந்ததை மட்டும் பார்த்து ஒரு பிஸ்டன் செட் வாங்கி, மலையேறி வந்து, பழைய பிஸ்டனுக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் தலை வேறு என்று தெரிந்தது. கடைக்காரர் கேட்டதற்குச் சரியான பாகத்தைத்தான் தந்திருந்தார். கேள்வியில்தான் பிழை இருந்தது. அன்று முதல், கழற்றிய பழைய பாகம் இல்லாமல், அல்லது அதன் அளவெடுத்த வரைபடம் இல்லாமல், நான் எந்தக் கடைக்கும் போவதில்லை.

நூலும் ஆட்களும்

ஒரு வண்டிக்கு மூன்று வகை நூல்கள் உண்டு, மூன்றும் மூன்று வேலைக்கு. சாரதிக் கையேடு ஒயிலின் அளவையும் பராமரிப்பு முறையையும் சொல்லும். பட்டறைக் கையேடு இடைவெளிகளையும் இறுக்க அளவுகளையும் கழற்றும் ஒழுங்கையும் சொல்லும். பாகப் பட்டியல் ஒவ்வொரு திருகாணிக்கும் படமும் இலக்கமும் தரும். பலர் பட்டறைக் கையேட்டை மட்டும் தேடுகிறார்கள். என் மதிப்பில் பாகப் பட்டியலே முதலில் கையில் இருக்க வேண்டியது. வெடித்துச் சிதறியதுபோல் வரையப்பட்ட அதன் படங்களைப் பார்த்தால், நம் வண்டியில் எந்த வொஷர் இல்லை, எந்த ஸ்பிரிங் வேறு வண்டியினுடையது என்பது ஒரு மாலைப் பொழுதில் விளங்கிவிடும். இணையத்தில் பி.டி.எஃப். வடிவில் கிடைக்கும் பிரதிகளில், உங்கள் செஸி இலக்கம் அந்தப் பதிப்பின் எல்லைக்குள் வருகிறதா என்பதை முதற்பக்கங்களில் சரிபாருங்கள். ஒரே மொடலுக்குள் நடுவில் மாற்றங்கள் வந்திருக்கும். பட்டியல் "இந்த இலக்கம் வரை", "இந்த இலக்கத்திலிருந்து" என்று பிரித்துக் கொடுத்திருக்கும்.

உள்நாட்டிலும் இடங்கள் உண்டு. வடமத்திய மாகாணத்தில் மஹ இலுப்பள்ளமவில் விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் விசாரிக்கத் தகுந்த இடமாகும். கண்டி ஹந்தானையில் 1925 இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்கும் தேயிலை நூதனசாலையில், பழைய எஞ்சின்களும் தேயிலை இயந்திரங்களும் வைக்கப்பட்டுள்ளன. அங்கே டிராக்டர் பாகம் கிடைக்காது. ஆயினும் அக்காலத்துப் பித்தளைத் தகடுகளும் எழுத்து அமைப்பும் எவ்வாறு இருந்தன என்பதைக் கண்ணால் பார்த்து வருவதற்கு ஒரு பகலைச் செலவிடலாம்.

இந்த நூல்களில் இல்லாத ஒரு வகைத் தகவல் இயந்திரங்களைப் பழுதுபார்த்த ஓய்வுபெற்ற தோட்டப் பிட்டர்களிடமும் சாரதிகளிடமும் இருக்கிறது. டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை, பண்டாரவளை எங்கும், ஸ்டோர் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை செய்து லயத்துத் திண்ணையில் ஓய்ந்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். வண்டியின் படங்களைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்; கைபேசியின் சிறு திரையை அவர்கள் கண்கள் சிரமப்பட்டுப் பார்க்க வைப்பது மரியாதை ஆகாது. "இந்த வண்டியில் என்ன பழுது?" என்று கேட்பதைவிட "இந்த வண்டியில் எதை எல்லாம் மாற்றினீர்கள் ஐயா?" என்று கேட்டால், பேச்சு தானாக வரும். எனக்கு ஒரு பெரியவர், கிளச் உறையின் உள்ளே ஒரு வரிசைத் திருகாணிகளின் மரையைத் தாமே பெரிதாக்கி வேறு மரை போட்டதை, ஆண்டுகள் பல கடந்தும் இடம் தவறாமல் சொன்னார். அது தெரியாமல் பட்டியலின்படி திருகாணி வாங்கியிருந்தால் அது மரையில் பிடித்திருக்காது. இத்தகையவர்களின் நேரத்திற்கு உரிய மதிப்பைக் கொடுங்கள். அனுமதி பெற்று அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யுங்கள்.

எங்கே வாங்குவது, எதை அளப்பது

டிராக்டர் கம்பனியின் பெயரைச் சொல்லித் தேட வேண்டியதில்லாத பாகங்கள் எண்ணிக்கையில் அதிகம். பெயாரிங் அவற்றில் முதலாவது. அதன் விளிம்பில் உள்ள இலக்கம் உலகெங்கும் ஒன்றே: 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிப்பு 15 மி.மீ. இவ்வகை இலக்கங்களில், 04 இலிருந்து மேற்பட்ட கடைசி இரு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும். முன்சில்லுகளில் வரும் கூம்பு உருளை பெயாரிங்குகள் அங்குல அளவின, எல்.எம். 67048 என்பதன் உள்விட்டம் 31.75 மி.மீ., அதாவது ஒன்றேகால் அங்குலம். ஒயில் சீலுக்கும் அவ்வாறே தண்டின் விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் போதும். அங்குல அளவுக்குப் பதிலாகக் கிட்டத்தட்டச் சரியான மில்லிமீற்றர் சீலை அடித்து ஏற்றும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை; லேத்தில் ஒரு வளையம் கடைந்து இடைவெளியைச் சரிசெய்வது அரை நாள் வேலை, ஒயில் ஒழுகி பிரேக் நனைவதோ உயிர்ப் பிரச்சினை.

மரைகளில் அதிகக் கவனம் வேண்டும். பழைய பிரித்தானிய வண்டியொன்றில் விட்வேர்த், பி.எஸ்.எஃப்., யு.என்.சி., யு.என்.எஃப். என்ற வெவ்வேறு மரைத் தரங்கள் எல்லாம் கலந்து இருக்கலாம். அரை அங்குல விட்வேர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, யு.என்.சி.யில் 13, எட்டில் மூன்று அங்குல பி.எஸ்.எஃப்.இல் 20, யு.என்.எஃப்.இல் 24. கால் அங்குலம் போன்ற சில அளவுகளில் விட்வேர்த்துக்கும் யு.என்.சி.க்கும் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும், ஆனால் மரையின் கோணம் முன்னதில் 55 பாகை, பின்னதில் 60 பாகை. கையால் சுற்றும்போது ஏறிவிடும், இறுக்கும்போது அரித்துவிடும். ஒரு மரை அளவியும் வேர்னியர் அளவியும் வாங்குவதற்கு ஆகும் செலவு, ஒரு வார்ப்பு வெடித்தால் ஆகும் செலவுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

டிராக்டருக்கே உரிய பாகங்களை மலையக நகரங்களில் தேடி அலைந்து மனம் சோர்பவர்கள், டிராக்டர் இன்றும் எங்கே நாளாந்தம் உழைக்கிறது என்று யோசிக்க வேண்டும். அது நெல் விளையும் சமவெளியில். பொலன்னறுவை, அநுராதபுரம், அம்பாறை, வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் மாசி பெர்குசன் குடும்பத்து வண்டிகள் இன்னும் வயலில் நிற்பதால், அவற்றின் பாகங்களும் அவற்றை அறிந்த கராஜ்களும் அங்கே உண்டு. கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை, பழைய எஞ்சின் பாகங்களுக்கும் மின் பாகங்களுக்கும் நாடறிந்த இடம். அங்கே காலை நேரத்தில், பழைய பாகத்தையும் இலக்கம் எழுதிய தாளையும் கொண்டு போங்கள். ஒரு கடையில் இல்லையென்றால் எந்தக் கடையில் இருக்கும் என்று அவர்களே சொல்வார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருவிப்பதானால், பிரித்தானியாவில் பழைய டிராக்டர்களுக்கென்றே புதிய பாகம் விற்போர் பலர் இருக்கின்றனர். ஆனால் இரும்புக்குத் தபாற்செலவு எடையால் ஏறும். பெயர்த்தகடு, ஸ்டிக்கர், கார்பரேட்டர் செட், மீட்டர் போன்ற இலேசான அரிய பொருள்களை அங்கிருந்தும், லைனர், கிளச், கியர் போன்றவற்றை இந்தியாவிலிருந்தும் வருவிப்பதே எனக்குச் சரியாகப்படுகிறது. சுங்கத்தில் பாகத்தின் வகைக் குறியீடு முக்கியம்: எஞ்சின் பாகங்கள் 8409 இலும், டிராக்டரின் பிற பாகங்கள் 8708 இலும், பெயாரிங்குகள் 8482 இலும், கேஸ்கட்டுகள் 8484 இலும் அடங்கும். விலைப்பட்டியலில் "இரும்புப் பாகம்" என்று பொதுவாக எழுதாமல், பெயரும் இலக்கமும் எழுதித் தருமாறு விற்பவரிடம் கேளுங்கள். கட்டுப்பாடுகள் அடிக்கடி மாறுவதால், பணம் அனுப்புமுன் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் நடப்பு அறிவித்தலைப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் உறவினர் கையில் கொடுத்தனுப்பும் பழைய பாகத்தில் டீசல் வாடை இருந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கழுவி உலர்த்தித் தரச் சொல்லுங்கள்.

வாங்கத் தேவையில்லாதவையும் பல. கேஸ்கட் தாளில் வெட்டியும், வெண்கலத்தில் புஷ் கடைந்தும், ரேடியேட்டருக்குப் புதிய உள்ளீடு போட்டும் கொடுக்கும் பட்டறைகள் நம் நகரங்களில் உள்ளன. கிராங்கைத் தேய்க்கக் கொடுக்குமுன், 0.010, 0.020, 0.030 அங்குலக் குறை அளவுகளில் எதற்குரிய பெயாரிங் செட் உண்மையில் கிடைக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, அதைக் கையில் வாங்கிய பிறகே கிராங்கைக் கொடுங்கள். டைனமோ பொருத்திய பழைய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனை செஸியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கப்படி மாற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னர் டைனமோவைக் குறை சொல்லக் கூடாது.

பிரேக் பாகங்களுக்கு மட்டும் விலை பார்க்க வேண்டாம். நம் வீதிகள் சரிவும் வளைவுமானவை. பழைய பிரேக் லைனிங்கிலும் கிளச் தட்டிலும் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கும் என்று எண்ணி, காற்றடித்துத் தூசைப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். லைனிங் மாற்றும் முன் பின் அச்சின் சீலை மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதிய லைனிங்கும் ஒயிலில் ஊறும். இடம் வலமாகப் பிரிந்த பிரேக் பெடல்களை வீதியில் ஓட்டும்போது இணைத்துப் பூட்டும் கொக்கி தொலைந்திருந்தால், அதைச் செய்வித்த பின்னரே வண்டியை வெளியில் எடுங்கள். ஓடும்போதே உயர்ந்த, தாழ்ந்த நிலைகளுக்கு மாற்றக்கூடியதாக 1960களில் மாசி பெர்குசனில் வந்த மல்டி பவர் கியர் உங்கள் வண்டியில் இருந்தால் இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும்: அதன் தாழ்ந்த நிலையில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, இறக்கத்தில் வண்டி தன்பாட்டில் ஓடும். சமவெளியில் இது ஒரு குறிப்பு மட்டுமே. ஹப்புத்தளையின் இறக்கத்தில் டிரெய்லரோடு இறங்குபவருக்கு இதுவே முதற்பாடம். அந்தப் பெட்டியில் உயர்நிலை சரியாகப் பிடிக்காமல் வழுக்குகிறது என்றால், அதற்குரிய கிளச் தட்டுகளும் சீல்களும் கிடைக்கும் வரை வண்டியை முற்றத்திலேயே வைத்திருங்கள்.

கழற்றிய எந்தப் பாகத்தையும், அதற்குப் பதிலான பாகம் பொருந்தி சில மாதம் ஓடும் வரை, பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தகரத் துண்டைக் கட்டி, எந்த இடத்திலிருந்து எந்தத் தேதியில் கழன்றது என்று அடித்து வையுங்கள். தேய்ந்துபோன பாகத்தில்கூட அளவெடுக்கத் தேய்வில்லாத ஒரு முகம் இருக்கும், புதியதைக் கடையும் லேத்காரருக்கு அதுவே போதும்.